கட்டைவிரல் எங்கே போனது? நம் புலன்கள் வேலை செய்யும் விதம்

படிப்பதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு ஒரு காரியம் செய்யுங்கள். வெறும் சுவர் ஒன்றைப் பார்த்து நின்றுகொள்ளுங்கள். இரண்டு கைகளையும் கண் மட்டத்துக்கு நேராக நீட்டி, கட்டைவிரல்களை நிமிர்த்தி, ஒட்டினாற்போல் வையுங்கள். இடது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வலது கண் இடது கட்டைவிரலின் நகத்தையே பார்க்கட்டும். இப்போது வலது கையை மட்டும் மெதுவாக வலப்பக்கம் நகர்த்துங்கள். கண்ணும் கூடவே ஓடப் பார்க்கும், விடாதீர்கள். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக நகர்ந்ததும் வலது கட்டைவிரலின் நுனி காணாமல் போகும். இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் திரும்ப வந்துவிடும்.

முதல் தடவை சரியாக வராவிட்டால் இரண்டு மூன்று முறை செய்து பாருங்கள். வந்துவிட்டால், விரல் மறைந்த இடத்தில் என்ன தெரிந்தது என்று கவனியுங்கள். கறுப்பாக ஓட்டை ஒன்றும் தெரியாது. சுவர்தான் தெரியும். உங்கள் சுவர் வெள்ளையா, மஞ்சளா, அதே நிறம். ஆனால் அந்த இடத்தில் உண்மையில் இருப்பது உங்கள் விரல். கண் அங்கிருந்து எந்தச் செய்தியும் அனுப்பவில்லை. சுவரை அங்கே பூசியது மூளை.

கண்ணின் பின்பக்கச் சுவரில் ஒளியை உணரும் படலம் இருக்கிறது. அதுதான் விழித்திரை. அங்கிருந்து புறப்படும் நரம்பு இழைகள் எல்லாம் ஓரிடத்தில் ஒன்றாகத் திரண்டு, கண்ணைத் துளைத்துக்கொண்டு மூளைக்குப் போகின்றன. அவை வெளியேறும் அந்த வாசலில் ஒளியை உணரும் செல்களுக்கு இடமில்லை. அதைக் குருட்டுப் புள்ளி என்கிறோம். பிரான்ஸைச் சேர்ந்த எட்மே மரியாட் 1660-களில் இதைக் கண்டுபிடித்துச் சொல்லும்வரை, மனிதர்கள் காலங்காலமாகக் கண்ணுக்கு ஒன்றாக ஆளுக்கு இரண்டு ஓட்டைகளோடு திரிந்திருக்கிறார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை.

புலன்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்கு இதிலிருந்துதான் தொடங்கத் தோன்றுகிறது. பள்ளிக்கூடத்தில் நம் மனதில் பதிந்த படம் வேறு மாதிரி. கண் ஒரு கேமரா, காது ஒரு மைக், உலகம் அப்படியே உள்ளே வருகிறது, மூளை உட்கார்ந்து பார்க்கிறது என்பது போல. உண்மையில் உள்ளே வருவது துண்டும் துணுக்கும்தான். மீதியை மூளை ஊகித்து இட்டு நிரப்புகிறது. அந்த ஊகத்தைத்தான் நாம் "பார்த்தேன்", "கேட்டேன்" என்று சொல்கிறோம்.

ஆகவே இரண்டு விஷயங்களைத் தனித்தனியாக வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று உணர்தல்: ஒளியோ ஒலியோ வாசனையோ வந்து உடம்பிலுள்ள ஒரு செல்லைத் தூண்டுவது. மற்றது அறிதல்: வந்தது என்ன என்று விளங்குவது. ராத்திரியில் கதவு தட்டும் சத்தம் கேட்பது முதலாவது. தட்டிய விதத்திலேயே வந்திருப்பது பக்கத்து வீட்டு அக்கா என்று தெரிவது இரண்டாவது. நமக்கு இரண்டும் ஒரே நொடியில் நடப்பதுபோல இருப்பதால் ஒன்றென்றே நினைத்துவிடுகிறோம்.

தமிழில் இந்த இரண்டையும் பற்றி யோசித்த பழைய தடம் ஒன்று உண்டு. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களைப் புலன்களின் கணக்கில் வரிசைப்படுத்துகிறது. புல்லும் மரமும் தொடு உணர்வு மட்டும் உள்ள ஓரறிவு உயிர்கள். நத்தை போன்றவற்றுக்குச் சுவையும் சேர்ந்து ஈரறிவு. எறும்புக்கு மோப்பமும் சேர்ந்து மூன்று. நண்டுக்குக் கண்ணும் சேர்ந்து நான்கு. விலங்குகளுக்குச் செவியும் சேர்ந்து ஐந்து. மனிதருக்கு ஆறாவதாக மனம். இன்றைய உயிரியல் கணக்கு வேறுதான். எறும்புக்கும் கண் உண்டு. ஆனால் மனத்தையும் ஓர் அறிவு என்று அந்த ஐந்தோடு சேர்த்து எண்ணியிருக்கிறார்களே, அந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

சரி, வெளியே இருப்பது எப்படி உள்ளே போகிறது? மண்டை ஓட்டுக்குள் வெளிச்சம் கிடையாது, சத்தம் கிடையாது. மூளைக்கு வந்து சேர்வது மின்துடிப்புகள் மட்டுமே. கண்ணிலிருந்து வருவதும் மின்துடிப்புதான், காதிலிருந்து வருவதும் அதேதான். எந்த நரம்பு வழியாக வந்தது என்பதை வைத்தே இது வெளிச்சம், இது சத்தம் என்று மூளை முடிவு செய்கிறது. இதையும் சோதிக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு, இமையின் மேல் வெளி ஓரமாக விரலால் மிக மெதுவாக அழுத்துங்கள் (கண்ணில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் வேண்டாம்). மூக்குப் பக்கமாக ஒரு மங்கலான ஒளி வளையம் தெரியும். அங்கே வெளிச்சமே இல்லை, இருந்தது அழுத்தம்தான். ஆனால் செய்தி கண் நரம்பின் வழியாக வந்ததால் மூளை அதை வெளிச்சம் என்றே படித்தது.

கண்ணைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். விழித்திரையில் இரண்டு வகைச் செல்கள். கோல் செல்கள் ஏறத்தாழ 12 கோடி, கூம்புச் செல்கள் ஏறத்தாழ 60 லட்சம். கோல்கள் மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்பவை, நிறம் தெரியாதவை. கூம்புகள் நல்ல வெளிச்சத்தில் நிறத்தையும் நுணுக்கத்தையும் பார்ப்பவை. நிலா வெளிச்சத்தில் கொல்லைப்புறச் செம்பருத்தி கறுப்பாகத் தெரிவது கூம்புகள் ஓய்ந்துவிடுவதால்தான். இத்தனை கோடிச் செல்களின் செய்தியும் சுமார் 10 லட்சம் நரம்பு இழைகள் வழியாகத்தான் மூளைக்குப் போயாக வேண்டும். அதாவது கண்ணைத் தாண்டும் முன்பே பெரும்பகுதி சுருக்கப்பட்டுவிடுகிறது.

கூம்புகள் எல்லா இடத்திலும் சமமாகப் பரவியில்லை. விழித்திரையின் நடுவே ஒரு சின்னக் குழியில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. கூர்மையான பார்வை அங்கு மட்டும்தான். கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தால், அந்த நகத்தின் அளவுதான் நமக்கு ஒரு நேரத்தில் தெளிவாகத் தெரியும் உலகம். நம்பிக்கை வரவில்லையா? இந்த வரியில் ஏதாவது ஒரு சொல்லின் மேல் கண்ணை நிறுத்துங்கள். கண்ணை நகர்த்தாமல் நான்கு சொல் தள்ளி இருப்பதைப் படித்துப் பாருங்கள். எழுத்து இருப்பது தெரியும், என்ன எழுத்து என்று தெரியாது.

பிறகு ஏன் அறை முழுக்கத் தெளிவாக இருப்பதாகத் தோன்றுகிறது? கண் ஒரு நொடிக்கு மூன்று முறை போல இடம்விட்டு இடம் தாவிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு தாவலிலும் ஒரு நகத்தளவு துண்டு. துண்டுகளைக் கோத்து ஒரே அறையாக ஆக்குவது மூளை. தாவும்போது படம் கலங்கலாகத் தெரிய வேண்டுமே, அது ஏன் தெரிவதில்லை என்று கேட்கலாம். அந்தச் சின்ன இடைவேளைகளில் வரும் பார்வையை மூளை அமுக்கிவிடுகிறது. கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணையும் வலது கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். கண் நகர்வதை உங்களால் பார்க்கவே முடியாது. பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. அப்புறம் இதையே செல்போனின் செல்ஃபி கேமராவில் செய்யுங்கள். கண் நகர்வது தெரியும். போன் படத்தைக் கொஞ்சம் தாமதமாகக் காட்டுவதால், மூளை அமுக்கி முடித்த பிறகு அந்த நகர்வு திரையில் வருகிறது. நான் இதை முதலில் செய்து பார்த்தபோது கண்ணாடிக்கும் போனுக்கும் மாறி மாறி ஒரு பத்து நிமிடம் நின்றிருப்பேன்.

காதில் நடப்பது வேறு விதமான அழகு. காற்றின் அதிர்வு செவிப்பறையில் மோதுகிறது. மூன்று குட்டி எலும்புகள் அதை உட்காதுக்குக் கடத்துகின்றன. உட்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்ட ஒரு குழாய், அதை நீட்டி வைத்தால் 35 மில்லிமீட்டர் இருக்கும். அதனுள்ளே நெடுக ஒரு சவ்வு. கீச்சுக்குரல் வந்தால் வாசல் பக்கமும், தவில் அடி வந்தால் உள் முனையும் அதிகமாக அதிர்கின்றன. வீணையின் மெட்டுகளைப்போல, இடத்தை வைத்தே சுருதி தெரிகிறது. இதைக் கண்டு சொன்ன கேயோர்க் ஃபான் பேகேஷிக்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த அதிர்வை மின்துடிப்பாக மாற்றி மூளைக்கு அனுப்பும் முக்கியமான மயிர்ச்செல்கள் ஒரு காதுக்கு 3,500 தான். கண்ணின் கோடிகளோடு ஒப்பிட்டால் கைப்பிடி அளவு. போனால் திரும்ப முளைப்பதும் இல்லை. திருவிழா ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணிக்கைதான் நினைவுக்கு வரும்.

ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைக் காது சொல்வதில்லை, மூளை கணக்குப் போடுகிறது. வலப்பக்கம் ஹாரன் அடித்தால் சத்தம் முதலில் வலது காதுக்கும், பிறகு தலையைச் சுற்றிக்கொண்டு இடது காதுக்கும் போகும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதை அளந்துதான் நாம் சாலையோரம் ஒதுங்குகிறோம். கண்ணும் காதும் தனித்தனியாக இயங்குவதும் இல்லை. "ப" என்ற ஒலியை ஓடவிட்டு, "க" என்று சொல்லும் உதடுகளைத் திரையில் காட்டினால், பலருக்கு அது "த" அல்லது "ட" போலக் கேட்கும். கண்ணை மூடினால் "ப" என்றே கேட்கும். ஹாரி மெக்கர்க்கும் ஜான் மெக்டொனால்டும் 1976-இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இது. ஏமாற்று வேலை என்று தெரிந்தபிறகும் காது மாறாது. மூளை கண்ணையும் காதையும் சேர்த்து வைத்து ஒரு முடிவுக்கு வந்து, அந்த முடிவைத்தான் நமக்குக் கேட்கத் தருகிறது.

இனி நாக்கு. நமக்கு அறுசுவை: இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு, கார்ப்பு, துவர்ப்பு. ஆய்வுக்கூடத்துக் கணக்கில் சுவை ஐந்து: இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் உமாமி. கடைசியானது 1908-இல் ஜப்பானின் கிகுனாயே இகெடா கடற்பாசிச் சாற்றில் பிரித்தறிந்தது. தக்காளியும் காளானும் நன்றாக வெந்தால் வரும் அந்த நிறைவான ருசி. அப்படியானால் நம் கார்ப்பும் துவர்ப்பும் எங்கே போயின?

அவை சுவையரும்புகளின் வேலை இல்லை என்பதுதான் விடை. சர்க்கரையை உள்ளங்கையில் தேய்த்தால் கைக்கு இனிக்காது. மிளகாயைத் தேய்த்தால் கை எரியும். பச்சைமிளகாய் நறுக்கிய கையால் கண்ணைத் தொட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். காரம் என்பது சுவை நரம்பு சொல்லும் செய்தி இல்லை, சூட்டையும் வலியையும் சொல்லும் நரம்பின் செய்தி. ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் திறக்கும் ஒரு புரதக் கதவு அந்த நரம்புகளில் இருக்கிறது. மிளகாயிலுள்ள கேப்சைசின் என்ற காரச்சத்து அதே கதவைத் திறந்துவிடுகிறது. மிளகிலுள்ள காரச்சத்தும் அதையே செய்கிறது. மூளைக்கு வரும் செய்தி "வாய் வேகிறது" என்பதுதான். அதனால்தான் வியர்க்கிறது. டேவிட் ஜூலியஸ் குழு 1997-இல் கண்டுபிடித்த கதவு இது. 2021-இல் அவருக்கும், தொடுதலை உணரும் கதவுகளைக் கண்டுபிடித்த ஆர்டெம் படபூடியனுக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள். புதினா குளிர்வதும் இதே கதைதான், அது குளிருக்கான கதவு. காரத்துக்குத் தண்ணீர் குடித்தால் அடங்காததற்குக் காரணம், கேப்சைசின் தண்ணீரில் கரையாது. தயிர் கேட்கும்.

துவர்ப்பு இன்னொரு விதம். வாழைப்பூவிலும் பாக்கிலும் உள்ள டானின் என்ற பொருள் எச்சிலில் இருக்கும் வழவழப்பான புரதங்களைப் பிடித்துக்கொள்கிறது. நாக்கு வறண்டு இழுப்பதுபோல இருக்கும். இதுவும் பெரும்பாலும் தொடு உணர்வே. ஆனால் இதனாலெல்லாம் அறுசுவை தப்பு என்று சொல்ல மாட்டேன். உண்பவருக்கு வாயில் நேர்வதை எண்ணியவர்கள் ஆறு என்றார்கள், சுவையரும்பில் நேர்வதை எண்ணியவர்கள் ஐந்து என்றார்கள். சாப்பிடும் மனிதருக்கு முதல் கணக்கே பொருத்தம்.

நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று பாடப் புத்தகத்தில் ஒரு வரைபடம் பார்த்திருப்பீர்கள். அதுதான் உண்மையிலேயே தப்பு. 1901-இல் ஜெர்மனியில் ஹேனிக் என்பவர் நாக்கின் ஓரங்களில் மிகச் சிறிய வித்தியாசங்களை அளந்து எழுதினார். 1942-இல் எட்வின் போரிங் அதை எடுத்துப் போட்ட விதத்தில் அந்தச் சின்ன வித்தியாசம் பெரிய எல்லைக்கோடு போல ஆகிவிட்டது. உப்பை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாலே வரைபடம் பொய்த்துவிடும்.

அதோடு, நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு மூக்கினுடையது. மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் சீரகத்தை மெல்லுங்கள். லேசான கசப்பும் உறுத்தலும் தவிர ஒன்றுமில்லை. மூக்கை விடுங்கள், சீரகம் வாய் முழுக்க வந்து நிற்கும். மெல்லும்போது எழும் வாசனை தொண்டைக்குப் பின்வழியாக மூக்குக்கு ஏறுகிறது. ஆனால் மூளை அதை நாக்கில் நடந்ததாகக் காட்டுகிறது. சளி பிடித்த நாளில் ரசம் சப்பென்று இருப்பதும் இதனால்தான். கொரோனா காலத்தில் வாசனை போய், வாரக்கணக்கில் வெறும் சோற்றையும் பிரியாணியையும் ஒரே மாதிரி விழுங்கியவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர். "ருசியே தெரியல" என்றுதான் சொன்னார்கள். பலருக்குப் போனது மோப்பம்.

மூக்கின் உச்சியில் வாசனையைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் ஏறத்தாழ 400 வகை இருக்கின்றன. ஒரு வாசனை அவற்றில் சிலவற்றைச் சேர்த்துத் தூண்டும். எவையெவை சேர்ந்தன என்பதே அந்த வாசனையின் அடையாளம். இந்த ஏற்பிகளின் மரபணுக்களை 1991-இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் இருவருக்கும் 2004-இல் நோபல். மற்றப் புலன்களின் செய்திகள் தலாமஸ் என்ற சந்திப்பு வழியாக மூளையின் மேற்பகுதிக்குப் போகின்றன. மோப்பம் மட்டும் அந்தச் சந்திப்புக்குக் காத்திராமல், உணர்ச்சியும் நினைவும் உருவாகும் பகுதிகளுக்கு நேரே போகிறது. பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் அந்துருண்டை வாசனையோடு பாட்டி வீடே எழுந்து வருவதற்கு இந்தக் குறுக்குவழியும் ஒரு காரணம்.

தோலுக்கு வருவோம். கால் கட்டைவிரலைக் கட்டில் காலில் இடித்துக்கொண்ட அந்தக் கணத்தை நினைத்துப் பாருங்கள். இடித்தது உடனே தெரியும், ஒரு 'சுரீர்'. பிறகு ஒரு சின்ன அமைதி. "ஐயோ, இப்போ வலிக்கப்போகுது" என்று நினைக்கக்கூட நேரம் இருக்கும். அதற்கப்புறம் அந்தப் பெரிய வலி மெல்ல வந்து சேரும். தொடு செய்தி நொடிக்கு 35 முதல் 75 மீட்டர் வேகத்தில் ஓடும் இழைகளில் வருகிறது. நின்று வலிக்கும் வலி, நொடிக்கு ஒரு மீட்டர் போல ஊர்ந்து வரும் மெல்லிய இழைகளில் வருகிறது. காலிலிருந்து தலைக்கு ஒன்றரை மீட்டர். அந்த அமைதி அதன் பயண நேரம். இடித்த இடத்தை உடனே தேய்க்கிறோமே, அதற்கும் பலன் உண்டு. தேய்க்கும் செய்தி, வலிச் செய்தியைத் தண்டுவடத்திலேயே ஓரளவு மறிக்கிறது என்று ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1965-இல் விளக்கினார்கள். விழுந்த பிள்ளையைத் தூக்கித் தேய்த்துவிடும் அம்மாக்களுக்கு அதற்கு முன்பே தெரியும்.

உடம்பு முழுவதும் ஒரே கூர்மை இல்லை. கொண்டை ஊசியின் இரு முனைகளையும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்து ஒருவரின் விரல் நுனியில் தொட்டால், கண்ணை மூடியிருந்தாலும் இரண்டு என்று சொல்லிவிடுவார். முதுகில் நாலு சென்டிமீட்டர் தள்ளி வைத்தாலும் ஒன்று என்றே சொல்லக்கூடும். அரிசியில் கல்லை விரல் கண்டுபிடிப்பது இதனால்தான். மூளையிலும் விரல்களுக்கும் உதடுகளுக்கும் பெரிய பரப்பு, முதுகுக்குச் சின்னது. கனடாவின் மான்ட்ரியலில் மூளை அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்ட், 1930-களில், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுத் தொட்டு இந்த வரைபடத்தை எழுதினார். மூளைக்குத் தனக்கென்று வலி தெரியாது என்பதால் அது சாத்தியமானது. அந்த வரைபடத்தில் கையின் பகுதிக்கு அடுத்த வீடு முகம்.

இந்த அக்கம்பக்கம் ஒரு பெரிய புதிருக்கு ஒரு விளக்கம் தந்தது. கையை இழந்தவர்கள் பலர், இல்லாத கை இருப்பதாகவும் அதில் வலிப்பதாகவும் சொல்வார்கள். தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் ஆய்வு செய்த வி.எஸ். ராமச்சந்திரன் அப்படிப்பட்ட ஒருவரின் கன்னத்தைப் பஞ்சுக் குச்சியால் தொட்டார். கன்னத்தில் தொட்டது, இல்லாத விரலிலும் தெரிந்தது. கையிலிருந்து செய்தி நின்றுபோனதும், பக்கத்து வீட்டு முகம் அந்தக் காலி இடத்துக்குள் பரவியிருக்க வேண்டும் என்று அவர் விளக்கினார். 1990-களில் அவர், நடுவே முகம் பார்க்கும் கண்ணாடி வைத்த ஒரு பெட்டி செய்தார். இருக்கும் கையை உள்ளே விட்டால், கண்ணாடியில் இரண்டு கைகளும் இருப்பதுபோலத் தெரியும். இருக்கும் கையை விரித்தால் இல்லாத கையும் விரிவதாகக் கண் பார்க்கிறது. இறுகிப்போய் வலித்துக்கொண்டிருந்த அந்த இல்லாத கை சிலருக்குத் தளர்ந்தது. கடைத்தெருவில் கிடைக்கும் ஒரு கண்ணாடியால் வலியைத் தொட முடிந்ததே என்பதை நினைக்கும்போது இன்னமும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

ஐம்புலன் என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் ஐந்தோடு நிற்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு மூக்கு நுனியைத் தொடுகிறீர்கள். கை எங்கே இருக்கிறது என்று எந்தப் புலன் சொன்னது? தசைகளிலும் மூட்டுகளிலும் அதற்கென்றே உணரிகள் உண்டு. 1971-இல் பிரிட்டனைச் சேர்ந்த 19 வயது இளைஞர் ஒருவருக்கு ஒரு நோய்க்குப் பின் கழுத்துக்குக் கீழே அந்த உணர்வும் தொடு உணர்வும் போய்விட்டன. தசைகளில் குறையில்லை. ஆனால் உடம்பு எங்கிருக்கிறது என்று தெரியாததால் எழுந்து நிற்க முடியவில்லை. ஒவ்வொரு அசைவையும் கண்ணால் பார்த்துப் பார்த்து மறுபடி நடக்கக் கற்றுக்கொண்டார். விளக்கு அணைந்தால் சரிந்துவிடுவார். உட்காதிலுள்ள மூன்று அரைவட்டக் குழாய்கள் இன்னொரு புலன். தட்டாமாலை சுற்றி நின்றபின்பும் உலகம் சுற்றுவது, அவற்றின் உள்ளே திரவம் இன்னும் நிற்காததால். கொடைக்கானல் பேருந்தில் போனைப் பார்த்துக்கொண்டே போனால் குமட்டுவது, கண் "அசையவில்லை" என்றும் காது "வளைகிறோம்" என்றும் சொல்லும் சண்டையால்.

இத்தனைக்கும் நடுவே மூளை ஊகிக்கிறது என்றேனே, அந்த ஊகத்தை அது எங்கே கற்றது? இதை முதலில் கூர்மையாகக் கேட்டவர் டப்ளினைச் சேர்ந்த வில்லியம் மோலினோ. அவருடைய மனைவிக்குப் பார்வை போயிருந்தது. 1688-இல் தத்துவ அறிஞர் ஜான் லாக்குக்கு ஒரு கடிதம் எழுதினார். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர், உருண்டையையும் கனசதுரத்தையும் தொட்டு நன்றாக அறிந்தவர், திடீரென்று பார்வை பெற்றால், தொடாமல் பார்த்த மாத்திரத்தில் எது உருண்டை, எது கனசதுரம் என்று சொல்வாரா?

மூன்று நூற்றாண்டுகளுக்கு அது வாதமாகவே கிடந்தது. 1960-களில் டேவிட் ஹூபலும் டார்ஸ்டன் வீசலும் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைப் பிறந்த சில மாதங்கள் மூடி வைத்துப் பிறகு திறந்தார்கள். கண்ணில் கோளாறு இல்லை. ஆனால் மூளையின் பார்வைப் பகுதிச் செல்கள் அந்தக் கண்ணுக்குப் பதில் தருவது கிட்டத்தட்ட நின்றுபோயிருந்தது. வளர்ந்த பூனைக்கு அதையே செய்தபோது ஒன்றும் ஆகவில்லை. பார்க்கக் கற்றுக்கொள்ள ஒரு பருவம் இருக்கிறது என்பது அங்கே தெரிந்தது. 1981-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த இடத்தில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. குழந்தைக்கு மாறுகண் இருந்தால் "அதிர்ஷ்டம்" என்று விட்டுவிடுகிறோம். இரண்டு கண்ணும் இரண்டு பக்கம் பார்த்தால் மூளைக்கு இரண்டு படம் வரும். குழப்பம் வேண்டாமென்று அது ஒரு கண்ணின் படத்தை ஒதுக்கத் தொடங்கும். வருடக்கணக்கில் ஒதுக்கினால் அந்தக் கண் சோம்பேறிக் கண்ணாகிவிடும், பிறகு கண்ணாடி போட்டாலும் தெளிவு முழுதாக வராது. சின்ன வயதிலேயே காட்டினால், நன்றாகத் தெரியும் கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி வைத்து, மற்றக் கண்ணைப் பார்க்கப் பழக்குகிறார்கள். பாப்பாவின் கருவிழி நடுவே வெள்ளையாகத் தெரிந்தாலோ, பிளாஷ் போட்டு எடுத்த படங்களில் ஒரு கண் மட்டும் திரும்பத் திரும்ப வெள்ளையாக மின்னினாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம், கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். பிறவிக் கண்புரையாக இருந்தால் வாரங்கள் கூடக் கணக்கு.

மோலினோவின் கேள்விக்கு விடை கிடைத்தது இந்தியாவில். பிறவிக் கண்புரையோடு, சிகிச்சை கிடைக்காமலே வளர்ந்த பிள்ளைகள் வட இந்தியக் கிராமங்களில் இருந்தார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் பவன் சின்ஹா தொடங்கிய பிரகாஷ் திட்டம் அவர்களைத் தேடிக் கண்டுபிடித்து, டெல்லியில் அறுவை சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தது. பிரகாஷ் என்றால் வெளிச்சம். 8 முதல் 17 வயது வரையிலான ஐந்து பிள்ளைகளுக்குக் கட்டு அவிழ்த்த ஓரிரு நாட்களில், பொம்மைக் கட்டைகள் போன்ற வடிவங்களைக் கொடுத்துச் சோதித்தார்கள். தொட்டதைத் தொட்டே அடையாளம் காணச் சொன்னால் சரியாகச் சொன்னார்கள். பார்த்ததைப் பார்த்தே சொல்வதும் வந்தது. ஆனால் கையில் தொட்டுப் பார்த்ததைக் கண்ணால் காட்டச் சொன்னபோது பூவா தலையா போட்டதுபோலத்தான் பதில் வந்தது. 2011-இல் வெளியான முடிவு இது. மோலினோவுக்கு விடை: சொல்ல மாட்டார்.

அதே பிள்ளைகளில் சிலரைச் சில நாட்கள் கழித்துத் திரும்பச் சோதித்தார்கள். யாரும் பாடம் நடத்தவில்லை. வீட்டில் தட்டையும் டம்ளரையும் பார்த்துக்கொண்டே எடுத்திருப்பார்கள், அவ்வளவுதான். இப்போது தொட்டதைக் கண்ணால் காட்டினார்கள்.

இன்னொரு சோதனையும் அவர்கள் செய்தார்கள். புதிதாகப் பார்வை பெற்றவர்களுக்கு ஒன்றின் மேல் ஒன்று ஏறிய இரண்டு வடிவங்களை வரைந்து காட்டினால், கோடுகள் வெட்டிக்கொள்ளும் ஒவ்வொரு துண்டும் அவர்களுக்குத் தனிப் பொருளாகத் தெரிந்தது. பந்தின் மேல் விழுந்த நிழல் தனி, பந்து தனி. நமக்குச் சட்டென்று ஒன்றாகிவிடும் உலகம், அவர்களுக்கு வண்ணத் துண்டுகளாகச் சிதறிக் கிடந்தது. பிறகு அந்த வடிவங்களில் ஒன்றைத் திரையில் மெதுவாக நகர்த்தினார்கள். சேர்ந்து நகர்ந்த துண்டுகள் சேர்ந்தன. "இது முக்கோணம், அது சதுரம்" என்று பிரித்துச் சொல்ல முடிந்தது. மாதங்கள் போன பிறகு, நகராமல் நிற்கும் படத்திலும் அவர்களால் அப்படிச் சொல்ல முடிந்தது.